ஒலித்தரமும் உடைமையுறவும்

ஒலிப்பதிவின் தரம் பற்றிய விவாதங்கள் அதனைச் செவிப்புலன் சார்ந்த பிரச்சினையாகவே பெரும்பாலும் நோக்கிவந்துள்ளன. 1999ஆம் ஆண்டை நாம் உற்றுநோக்குவோமாயின், அதன் சமூக அடிப்படை புலனாகும். அவ்வாண்டிலேயே சொனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் சூப்பர் ஓடியோ இறுவட்டினைச் சந்தைப்படுத்தின, அவ்வாண்டிலேயே எம்.பி.3 கோப்புகளைப் பலரும் தம்முட் பகிர்ந்துகொள்ள வழிசெய்த நப்ஸ்டரும் தோன்றிற்று.

உரத்த ஒலியொன்று தன்னை அண்மித்த மெல்லொலியை மறைத்துவிடும் என்னும் உண்மையே எம்.பி.3இன் ஆதாரம். மறைபடுவதனைத் துல்லியங்குறைத்துப் பதிவதனால், செக்கனுக்கு ஏறத்தாழ 1411 கிலோபிற் வேண்டிய இறுவட்டிசை 128 கிலோபிற்றுள் அடங்கிற்று. இதில் இழப்பில்லை எனல் பொருந்தாது; கைத்தட்டல் போன்ற கூரிய ஒலிகள் மழுங்குவதைப் பயின்ற செவி அறியும்.

மறுபுறத்தே, உயர்துல்லிய வட்டுகளின் மேன்மை கேட்டுணரத்தக்கதா? மேயர், மொரான் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வட்டுகளின் ஒலியை நேராகவும், சாதாரண இறுவட்டின் 16 பிற், 44.1 கிலோஹேர்ட்ஸ் அளவுக்குக் குறைத்தும், எது எதுவெனக் கூறாது ஒலிக்கச் செய்தனர். 554 சோதனைகளில் 276 விடைகளே சரியாயின. நாணயஞ் சுண்டுவதற்கொப்பான பெறுபேறு இது. பல ஆய்வுகளை 2016இல் தொகுத்து நோக்கிய றைஸ், வேறுபாட்டை உணரும் ஆற்றல் உண்டெனினும் அது சிறிதே எனக் கண்டார்.

முன்னைய ஆய்வாளர் இருவரும் குறிப்பிட்ட மற்றொன்றே இங்கு மனங்கொள்ளத்தக்கது. உயர்துல்லிய வட்டுகள் பல, சாதாரண இறுவட்டுகளிலும் நன்கு ஒலித்தன. அவற்றின் தயாரிப்பில் ஒலிப்பொறியியலாளர் செலுத்திய கூடிய கவனமே அதற்குக் காரணமாகலாம் என்பது அவர்தம் விளக்கம். அவ்வாறாயின், தரத்தைப் படைத்தது உழைப்பு. விலைகூறப்பட்டதோ வடிவத்தின் மகிமை. மார்க்ஸ் விளக்கிய பண்டவழிபாட்டுக்கு இதனினுந் தெளிவான சான்று அரிது. அவ்வட்டுகளின் உயர்துல்லியப் பதிவு எளிதிற் பிரதிசெய்யவியலாதவாறு பூட்டப்பட்டிருந்தமையும் தற்செயலன்று.

இதனால் எம்.பி.3ஐ மக்கள் வடிவமெனப் போற்றிவிடவும் முடியாது. அதன் காப்புரிமை உரிமக் கட்டணத் திட்டம் 2017இலேயே முடிவுற்றது. நப்ஸ்டரோ நீதிமன்ற நடவடிக்கைகளின் விளைவாக 2001இல் தன் பகிர்வுச் சேவையை நிறுத்த நேர்ந்தது. அச்சேவை நடைபெற்ற காலத்திலும் பாடியோர், இசைத்தோரின் ஊதியப் பிரச்சினை தீர்ந்திலது.

ஆகவே எவ்வடிவம் சிறந்தது என்னும் வினா நம்மை அதிக தூரம் இட்டுச்செல்லாது. கவனமிக்க பதிவு சாதாரண இறுவட்டிலும் சாத்தியமே. அது விலைகூடிய வட்டுக்கென ஒதுக்கப்பட்டது எவர் நலன் கருதி என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.