டர்னருக்கு முன்னால் ஃபிட்டர்

லேத் என்றதும் கோவைக்காரனுக்கு நினைவு வருவது கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துச் சந்துகள்தான். நாலரை அடி பெட், மூன்று ஃபேஸ் மோட்டார், எண்ணெய் ஊறிக் கறுத்த தரை. அதே ஊரில் மாடிப்படிக்குக் கீழே, அயர்ன் பாக்ஸ் செருகும் பிளக்கில் ஓடும் லேத் ஒன்றை நான் வாங்கி வைத்திருக்கிறேன். வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டர்னர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெட்டி பிரித்த அன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, கொழந்தைக்கு வாங்குனீங்களா?” என்றார்.

சீனாவில் வார்த்து, பல நிறங்களிலும் பல பெயர்களிலும் உலகெங்கும் விற்கிற 7×14 ரகம் இது. 7 அங்குலம் என்பது சுற்றவிடக்கூடிய விட்டம், 14 அங்குலம் இரு சென்டர்களுக்கு இடைப்பட்ட நீளம். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். கிராஸ் ஸ்லைடுக்கு மேலே போகும் வேலை என்றால் 110 மி.மீ. அளவுக்குத்தான் இடம். இந்தப் பக்கம் சக், அந்தப் பக்கம் டிரில் சக் மாட்டினால் நீளத்தில் பாதிதான் மிஞ்சும். எடை நாற்பது கிலோவுக்குச் சற்று மேல்; இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஸ்பிண்டில் துளை 20 மி.மீ. வேகத்தை ஒரு குமிழால் கூட்டிக் குறைக்கலாம். விலை ஒரு ஸ்கூட்டர் அளவுக்கு வந்தது. டூல், டயல், டிரில் சக் என்று அதற்குப் பின் போன பணத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பெட்டியில் இருந்து எடுத்தால் உடம்பெல்லாம் சிவப்பு கிரீஸ். மண்ணெண்ணெய்க்கு இப்போது எங்கே போவது? டீசலும் பழைய பெயின்ட் பிரஷும் கொண்டு மொட்டை மாடியில் ஒரு ஞாயிறு முழுக்கக் கழுவினேன். கிரீஸுக்கு அடியில் நறநறவென்று தூள் கிடந்தது. அதோடு ஓட்டியிருந்தால் பெட்டை அதுவே தேய்த்திருக்கும். வந்தவுடன் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அடுத்து ஜிப் பட்டைகள். ஸ்லைடுகள் ஆடாமல் ஒட்டி நகர்வதற்காக ஓரத்தில் வைத்திருக்கும் மெல்லிய இரும்புப் பட்டைகள் இவை. புது மெஷினில் கிராஸ் ஸ்லைடைப் பிடித்து அசைத்தால், ஆடுகிற பல்லைப் போலக் கடகடத்தது. பக்கத்துத் திருகுகளை வரிசையாக முடுக்கி, கைப்பிடி கனக்கும்போது நிறுத்தி, ஒரு மயிரிழை தளர்த்தி, லாக் நட்டைப் பூட்ட வேண்டும். லாக் நட்டைப் பூட்டும்போது திருகும் கூடவே திரும்பிவிடும்; மறுபடியும் முதலிலிருந்து. கேரேஜுக்கு அடியில் இருக்கும் பட்டை இன்னும் மோசம். அங்கே ஒரு திருகு இழுக்கும், பக்கத்துத் திருகு தள்ளும், எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தடவியே செய்ய வேண்டும். இரண்டு மாலைகள் அதற்கே போயின. ஆனால் இந்த விமர்சனத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். முன்பு அலறிய அதே வெட்டு, பின்பு சீராகச் சுருண்டு விழுந்தது.

பிறகு டேப்பர். 25 மி.மீ. கம்பியை சக்கில் மட்டும் பிடித்து, 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையங்கள் விட்டு, நடுப்பகுதியைக் குறைத்துவிட்டு, இரண்டு வளையங்களையும் ஒரே மெல்லிய வெட்டில் கடைந்து அளந்தேன். வெளி முனை 0.06 மி.மீ. தடித்திருந்தது. குற்றம் லேத்துடையது அல்ல, என் மேஜையுடையது. பலகை சற்றுக் கோணல். போல்ட்டை முடுக்க முடுக்க பெட்டும் கூடவே முறுக்கிக்கொண்டது. டெயில் ஸ்டாக் பக்கம் முன்காலுக்கு அடியில் குளிர்பான டப்பாவில் வெட்டிய தகரம், ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம், ஒன்று வைத்ததும் வித்தியாசம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ஐடிஐயில் டர்னரும் ஃபிட்டரும் தனித்தனி டிரேடு. இந்த மெஷினை வாங்குகிறவன் முதல் மாதம் ஃபிட்டர், அதற்கப்புறம்தான் டர்னர்.

இத்தனையும் முடித்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். பழைய பழக்கத்தில் எடுத்த எடுப்பில் இரண்டு மி.மீ. ஆழம் கொடுத்தார். மோட்டார் முனகி நின்றுபோனது. அவர் சிரிக்கவில்லை; அரை மி.மீ.க்கு இறங்கி வந்தார். மைல்டு ஸ்டீலில் அதுதான் இதன் எல்லை. டூலையும் உற்றுப் பார்த்தார். ஆறங்குல ஸ்கேலை டூல் முனைக்கும் கம்பிக்கும் நடுவே நிறுத்தி மெல்ல அழுத்தினார். ஸ்கேலின் தலை எங்கள் பக்கம் சாய்ந்தது. “டூல் கீழ இருக்குதுங்க” என்று ஹாக்ஸா பிளேடு துண்டு ஒன்றை டூலுக்கு அடியில் கொடுத்தார். ஸ்கேல் நேராக நின்றது. ஃபேசிங் செய்யும்போது நடுவில் மிஞ்சிக்கொண்டிருந்த குமிழும் காணாமல் போனது. கார்பைடு டிப்பை விட, கிரைண்டரில் தீட்டிய எச்.எஸ்.எஸ். டூல்தான் இந்த மெலிந்த உடம்புக்கு ஒத்துப்போகிறது. 25 மி.மீ. கம்பிக்கு 300 சுற்று போதும்.

பார்ட்டிங்தான் இதன் பலவீனம். என்னுடையதில் கேரேஜைப் பூட்டவே வழியில்லை. லீட் ஸ்க்ரூ ஓடாதபடி கியரை நடுநிலையில் விட்டு, ஹாஃப் நட்டை மூடிப் பிடிக்க வைக்கிறேன். அப்படியும் பித்தளையோடு சரி. இரும்பு என்றால் பாதி வரை பார்ட்டிங், மெஷினை நிறுத்திவிட்டு மீதிக்கு ஹாக்ஸா. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மரை வெட்டலாம், ஆனால் குறைந்த வேகத்தில் இழுப்பு போதாது. லீட் ஸ்க்ரூ 1.5 மி.மீ. பிட்ச் என்பதால் எம்10 மரைக்கு ஹாஃப் நட்டை எப்போது வேண்டுமானாலும் திறந்து மூடலாம். எம்8-க்கு 1.25 பிட்ச், திறந்தால் மரை தவறிவிடும், மூடியபடியே மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டித்தான் திரும்ப வேண்டும். மாற்று கியர்கள் பிளாஸ்டிக். அதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அது வரம். ஒருமுறை கேரேஜ் சக்கில் போய் முட்டியபோது ஒரு கியரின் பல் உடைந்தது, மற்றது எல்லாம் பிழைத்தது.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. வேலை முடிந்ததும் பிரஷால் தட்டி, துடைத்து, பெட்டில் 68-ஆம் நம்பர் எண்ணெய் ஒரு படலம். தேங்காய் எண்ணெய் கூடாது, நாளாக நாளாகப் பிசினாகிவிடும். எமரி தாள் பிடிக்கும் நாளில் பெட்டின் மேல் செய்தித்தாள் விரிக்கிறேன். உதிரும் பொடி அரம் போலத் தேய்க்கும். கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்புறம் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இருந்தது, ஒரு இரும்புச் சுருள் உள்ளே போனால் போர்டு காலி. தகரம் வைத்து அடைத்தேன். ஸ்பிண்டிலில் இருப்பது 6206 பேரிங், எந்தக் கடையிலும் கிடைக்கும். 30206 டேப்பர் ரோலர் போடச் சொல்வார்கள். அது ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் தடிமன் கூட, ஸ்பேசரைக் குறைக்க வேண்டும். நான் தொடவில்லை. சக் கீயைக் கை விடுவதற்கு முன் சக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், லுங்கியும் கையுறையும் கூடாது என்பதெல்லாம் பெரிய லேத்துக்கு உள்ள அதே சட்டம்தான். ரப்பர் செருப்பில் குத்திக்கொண்டு சுருள் ஹால் வரை பயணிக்கும் என்பது மட்டும் வீட்டு லேத்துக்கே உரியது.

இடமும் மூன்று ஃபேஸும் இருப்பவர்கள் பழைய நாலரை அடி லேத்தைத் தேடுவதே நல்லது. மற்றவர்களுக்கு இது போதும். அப்பாவின் டேபிள் ஃபேனுக்கு முன் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடிக்கொண்டிருந்தது. கன்மெட்டலில் வெளிவிட்டம் கடைந்து, 7.8 டிரில் விட்டு, 8 ரீமர் ஓட்டினேன். எண்ணெய் தொட்டு ஷாஃப்ட்டைச் செருகினால் மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்கியது. அண்ணனிடம் கொடுத்தேன். நகத்தால் தடவினார், ஒரு கண்ணை மூடி வெளிச்சத்தில் பார்த்தார், வேட்டி நுனியில் துடைத்தார்.

“செரிங்க தம்பி. பின் புஷ் எங்கீங்க?”

இன்னும் கடையவில்லை.