அரசகுருவின் நிழல்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் அதன் அதிபர். அவர் தயாரித்து, எல்லிஸ் ஆர். டங்கனோடு சேர்ந்து இயக்கிய ‘மந்திரி குமாரி’ 1950-இல் வெளிவந்தது. வசனம் மு. கருணாநிதி, கதாநாயகன் எம். ஜி. இராமச்சந்திரன். பின்னாளில் இருவரும் முதலமைச்சர்களாயினர்.

குண்டலகேசியின் கதையைத் தழுவிய இப்படத்தில், அரசனை ஆட்டிவைக்கும் அரசகுரு தம் மகனைப் படைத்தலைவனாக்க முயல்கிறார். பதவி கிட்டாத மகன் பார்த்திபன் கொள்ளையனாகிறான். அதிகாரமும் களவும் ஒரே வீட்டில் குடியிருக்கக்கூடும் எனத் துணிந்து காட்டியதே படத்தின் வலிமை.

குறையும் உண்டு. மனைவியைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்றவன் அவள் கையாலேயே வீழ்கிறான். அறம் வென்றதென்று நாம் மனநிறைவோடு எழுந்துவிடுகிறோம். ஆள் வீழ்ந்தான், அவனை வளர்த்த ஏற்பாடு வீழ்ந்ததா? ஆதாய வெறியும் அதிகார வேட்கையும் பாவக் கட்டமைப்புகளுக்கு வேராகின்றன எனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமது 1987-ஆம் ஆண்டுச் சமூகச் சுற்றுமடலில் எச்சரித்தார்.

சுந்தரத்தின் முதலும் கருணாநிதியின் கொள்கைப் பேனாவும் சேலத்தில் கைகோத்தன. அதில் மறைவு இல்லை. இருவர் பெயரையும் மக்கள் திரையிலேயே படித்தனர். 2018-இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டமோ, கொடுத்தவர் பெயரையே வாக்காளரிடமிருந்து மறைத்தது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அதைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. மிகுதியாகப் பெற்றது பாரதிய ஜனதா கட்சி. தி.மு.க. பெற்ற 656.5 கோடி ரூபாயில் 509 கோடி, ஒரே லாட்டரி நிறுவனம் அளித்தது. அந்த லாட்டரியோ, ஏழைகளின் கூலியைக் கரைத்ததால் தமிழகத்தில் 2003-இல் தடைசெய்யப்பட்ட வணிகம்! அரசகுருவைத் திரையில் தோலுரித்தவரின் கட்சிக்கே இந்நிலை எனில், கட்டமைப்பின் வலிமையை என்னென்பது?

தொழில் முனைவோர் அரசியலுக்கு வருவதைக் குற்றமென நாம் கருதவில்லை. இருளில் கைமாறும் பணமே கேள்விக்குரியது. அக்கேள்வி குருக்களாகிய நம்மையும் விடாது. ஆலயத் திருவிழாவுக்குப் பெருந்தொகை தருபவருக்கு முதலிடம் தருகிறோம். அது எங்கிருந்து வந்ததென்று கேட்கிறோமா? வாக்குக்குப் பணம் வாங்காதீர் என்று பீடத்திலிருந்து சொல்லும் நாம், முதலில் நம் கோயில் உண்டியலைத் திறந்து பார்ப்போம். அரசகுருவின் நிழல் அங்கும் விழுந்திருக்கலாம்.