கணித அச்ச வினாநிரல்களும் பண்பாட்டிடை ஒப்பீடும்

கணித அச்சத்தை அளக்க ரிச்சர்ட்சனும் சுயினும் 1972இல் 98 கூறுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தனர். 2003ஆம் ஆண்டுப் பீசா ஆய்வு ஐந்தே கூற்றுகளைக் கொண்டு பல நாடுகளின் 15 வயது மாணவரிடையே இதனை அளந்தது. ஜப்பான், கொரிய மாணவரிடம் அச்சம் மிகுந்தும் பின்லாந்து மாணவரிடம் குறைந்தும் காணப்பட்டது. இம்மூன்று நாடுகளுமே கணிதத் தேர்ச்சியில் முன்னின்றவை. நாடுகளுக்குள்ளோ அச்சம் மிக்கோர் குறைந்த மதிப்பெண்ணே பெற்றனர். நாடுகளிடையே காணும் வேறுபாடு பண்பாட்டால் விளைந்ததா, வினாநிரலின் மொழியால் விளைந்ததா என்பது ஆய்வுக்குரியது.

நேரிய ஒப்பீட்டிற்கு மூன்று நிபந்தனைகள் கூறப்படுகின்றன. கூற்றுகள் எம்மொழியிலும் ஒரே கருத்தின்கீழ் அடங்குதல் முதலாவது. அவை அக்கருத்தோடு ஒரே அளவில் பிணைந்திருத்தல் இரண்டாவது. ஒத்த அச்சமுடையோர் எம்மொழியினராயினும் ஒத்த விடையைத் தேர்தல் மூன்றாவது. சராசரிகளை ஒப்பிட மூன்றாவது இன்றியமையாதது.

ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மூலப்படிகளிலிருந்து தனித்தனியே மொழிபெயர்த்து இணக்குவது பீசா பரிந்துரைக்கும் முறை. இது மறுமொழிபெயர்ப்பினும் மேம்பட்டது எனலாம். எனினும் இரண்டும் பொருளை மட்டுமே சரிபார்க்கின்றன. ஒரு கூற்றுக்கு உடன்படுவது எவ்வளவு எளிது என்பதைச் சரிபார்ப்பதில்லை.

இக்கூற்றுகளைத் தமிழாக்கும்போது இக்குறை புலப்படும். ஆங்கிலப் படியின் 'டென்ஸ்', 'நெர்வஸ்' என்னும் இரு சொற்களுக்கும் தமிழில் 'பதற்றம்' என்பதே இயல்பாக அமையும். அவ்வாறாயின் இரு கூற்றுகள் ஏறத்தாழ ஒன்றாகி, அவற்றின் ஒட்டுறவு மொழிக் காரணத்தாலேயே உயரக்கூடும். 'இறுக்கம்' என வேறுபடுத்தினால் மாணவர் வழக்கில் இல்லாத தொடர் பிறக்கும். இலக்கண அமைப்பும் நோக்கத்தக்கது. 'நான் கவலைப்படுகிறேன்' என்பதில் அனுபவிப்போர் எழுவாயாக நிற்கிறார். இத்தொடரை அவரது இயல்பாகக் கொள்ளவும் இடமுண்டு. 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்பதில் அவர் நான்காம் வேற்றுமை ஏற்கிறார். கவலை அவருக்கு நேர்ந்த நிலையாகிறது. விடைத் தெரிவுகளிலும் 'உடன்படவில்லை' என்பதைவிட 'மறுக்கிறேன்' வன்மையானது. இவ்விணைகளை ஆங்கிலத்திற்கு மீட்டுப் பெயர்த்தால் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

எனவே மூன்றாம் நிபந்தனை நிறுவப்படாதவரை, ஒரு நாட்டு மாணவரைப் பிறநாட்டு மாணவரினும் அஞ்சுவோர் எனத் தரவரிசைப்படுத்துதல் பொருந்தாது. ஒரே மொழியில் இரு மாற்றுப் படிகளை மாணவர்க்குக் குலுக்கல் முறையில் வழங்கிச் சராசரிகளை ஒப்பிடுதல் எளிய சோதனையாகும். தொடரமைப்பு மட்டுமே சராசரியை மாற்றுமாயின், நாட்டு வேறுபாடு எனப்படுவதில் எவ்வளவு மொழியின் பங்கு என்பது தெளிவாகும். இச்சோதனை வினாநிரலின் வடிவமைப்போடு நிகழவேண்டும். மொழிபெயர்ப்பாளர்க்கு அங்கேயே இடம் தரப்பட வேண்டும்.