அயலார் இல்லாத ஊரில் ஒரு போர்

2018ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி ஈக்குவலைசர் 2' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை, மாணவர் சிலர் பெரிதும் புகழ்ந்தமையால் பார்க்க நேர்ந்தது. அதன் முற்பகுதியைப் பொறுத்தமட்டில் அவர்கள் கூற்று மெய்யே. பிற்பகுதியோ எனக்குப் பெரும் ஏமாற்றமாயிற்று.

அன்ட்வான் ஃபுக்குவா இயக்கிய இப்படத்தில் டென்சல் வாஷிங்டன் ஏற்றிருக்கும் பாத்திரம் ராபர்ட் மெக்கால். உளவுத்துறையில் கொலைத்தொழில் பயின்று, மனைவியின்பொருட்டு அதனைத் துறந்தவர். பாஸ்டன் நகரின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனித்து வாழ்ந்து, வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறார். அங்கே சுவரொன்றைச் சிலர் கிறுக்கி அலங்கோலமாக்குகின்றனர். அச்சுவரைச் சீர்செய்யும் வேலையை ஓவியத்திறன் வாய்ந்த மைல்ஸ் என்னும் கறுப்பின வாலிபனிடம் அவர் ஒப்படைக்கிறார். வாசிக்க ஒரு நூலும் தருகிறார். அவன் போக்கிரிக் கும்பலோடு சேரும்போது, அவ்விடத்துக்கே சென்று அவனை இழுத்துவந்து, கோபமும் பரிவும் கலந்து பேசும் காட்சி நம் இளைஞர் ஊழியத்தில் உள்ளோர் அனைவரும் காணத்தக்கது. வாஷிங்டனின் முகமே அங்கு ஒரு பிரசங்கம்!

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே முற்பகுதியில் உண்டு. செல்வர்வீட்டு இளைஞர்களால் சீரழிக்கப்பட்ட ஒரு பெண் அவரது காரில் ஏற்றப்படுகிறாள். மெக்கால் திரும்பிச் சென்று அவ்விளைஞர்களை அடித்து நொறுக்குகிறார். பின்னர்த் தம் கார்ச் சேவைக்கு ஐந்து நட்சத்திர மதிப்பும் கேட்கிறார். நாம் சிரிக்கிறோம். அதற்குள் படம் அப்பெண்ணை மறந்துவிடுகிறது. நல்ல சமாரியன் உவமையில் எண்ணெய், திராட்சரசம், சத்திரம், இரண்டு பணம் யாவும் குறிக்கப்படுகின்றன. கள்ளரைத் துரத்தியதாக ஒரு சொல்லும் இல்லை. இப்படத்திலோ கள்ளரே முழுக்கவனத்தையும் பெறுகின்றனர். காயப்பட்டவள் வழியிலேயே விடப்படுகிறாள்.

தோழி சூசன் பிரஸ்ஸல்ஸ் நகரில் கொல்லப்பட்டதும் படம் பழிவாங்கும் கதையாகிறது. கொலையாளிகள் மெக்காலின் பழைய கூட்டாளிகளே. இறுதிப்போர், புயலுக்கு அஞ்சி மக்கள் வெளியேறிவிட்ட கடலோர ஊரில் நிகழ்கிறது. அயலாருக்காகப் போராடவேண்டிய வீரன் அயலார் ஒருவரும் இல்லாத ஊரில் போராடுகிறான்! எந்த மைல்ஸை மனிதனாக்க முயன்றாரோ, அவன் அங்கே காரின் பின்பெட்டியில் அடைக்கப்பட்ட வெறும் பணயப்பொருள். வன்முறைக்குத் திரும்பத் தயங்கியவரிடம் இப்போது தயக்கத்தின் சாயலும் இல்லை. மனைவியின் ரொட்டிக்கடையே கொலைக்களமாகும்போதும் அவர் கை நடுங்குவதில்லை. துறவுக்கு விலை இல்லையெனில், அதனைக் கைவிடுவதற்கு மட்டும் எங்ஙனம் விலை இருக்கும்?

மெக்காலின் காரில் அடிக்கடி பயணம் செய்யும் சாம் என்னும் முதியவர், நாத்சிகளின் யூதப் படுகொலைக்குத் தப்பியவர்; அக்காலத்தில் தம்மைவிட்டுப் பிரிக்கப்பட்ட சகோதரியின் உருவம் தீட்டிய ஓவியம் ஒன்றைத் தேடி அலைகிறார். படத்தின் முடிவில் அச்சகோதரியே உயிரோடு அவர்முன் வந்து நிற்கிறாள். ஆயின் மெக்கால் அவளை எங்கெங்கே தேடினார், யார் யாரை வினவினார் என்பது நமக்குக் காட்டப்படவில்லை. கடலோரச் சண்டைக்குத் தந்த நேரத்தில் பாதியையேனும் இத்தேடலுக்குத் தந்திருக்கலாகாதா?