இரையும் இரக்கமும்

அறுவடையைப் பாடிய இலக்கியங்களைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கின்றோம். அறுவடைக்குப் பின் வெறிச்சோடிக் கிடக்கும் நிலத்தைப் பற்றிப் பேசியது குறைவே. நெல்லரிந்த வயலில் எஞ்சி நிற்கும் தாளை அரிகால் என்றும், தினை கொய்த புனத்தில் எஞ்சி நிற்கும் தாளை இருவி என்றும் நம் முன்னோர் வழங்கினர். அங்கே உழவன் வேலை முடிந்ததும் பறவையின் வேலை தொடங்குகின்றது. சிந்திய மணிகளைத் தேடிப் புறாவும் காடையும் கௌதாரியும் வருகின்றன. அவற்றைத் தேடி வேட்டுவன் வருகின்றான். தலைநகர்ப் பக்கம் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளோ அரிகாலை அறிவது, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாப், அரியானா வயல்களிலிருந்து வரும் புகையால்தான். அந்நிலத்தில் நடந்த வேட்டையை இலக்கியம் எவ்வாறு எடுத்துரைத்தது, அதனை நாம் எவ்வாறு படிக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப் புகும் பொருள்.

இவ்வேட்டை இன்றும் பெருவழக்காக உள்ள நாடு இங்கிலாந்து. கோதுமையும் வாற்கோதுமையும் அறுவடையான பின், ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மரப்புறாக்கள் கூட்டங்கூட்டமாக அரிகால் வயலில் இறங்கும். வேலியோரத்தில் தழைகளாலும் வலையாலும் மறைவிடம் அமைத்துக்கொண்டு, ரவைத் துப்பாக்கியுடன் வேட்டைக்காரர் காத்திருப்பார். முன்னே சுட்டு வீழ்த்திய புறாக்களைக் காற்றுக்கு எதிர்முகமாக, மேய்வனபோல் வயலில் அமர்த்தி வைப்பார். தன் இனம் அச்சமின்றி மேய்கின்றது என்று நம்பிப் பறந்துவரும் புறாக்கள் குண்டுக்கு இரையாகும். இவ்வாறு ஓர் உயிரைக் காட்டி அதன் இனத்தை ஈர்க்கும் உத்திக்குப் பழந்தமிழில் பார்வை என்று பெயர்.

புறா பயிரை அழிக்கின்றது என்பதே இவ்வேட்டைக்குச் சொல்லப்படும் காரணம். 1950-களிலும் 1960-களிலும் அந்நாட்டு அரசே தோட்டா விலையில் ஒரு பகுதியை ஏற்று இதனை ஊக்குவித்தது. ஆனால் கேம்பிரிட்ஜ்ஷயரில் பல்லாண்டுகள் ஆய்ந்து 1965-இல் மரப்புறாவைப் பற்றி நூலெழுதிய மர்ட்டன் கண்ட உண்மை வேறாக இருந்தது. புறாக்களின் தொகையை வரையறுத்தது துப்பாக்கியன்று. குளிர்காலத்தில் கிடைத்த மணப்புல் இலையின் அளவே. சுடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, சுடாதிருந்தாலும் பசியால் மடிந்திருக்கும். எனவே, பயிர்க்காவல் என்ற காரணம் முழுமையான காரணமன்று என்பது தெளிவாகின்றது.

இவ்வேட்டையுலகிலிருந்து எழுந்த சிறந்த எழுத்தாளர் ரிச்சர்டு ஜெஃபரீஸ் (1848–1887). கள்ள வேட்டை பற்றி 1879-இல் அவர் வெளியிட்ட நூலின் இறுதிப் பகுதி நம் கருத்துக்குரியது. கௌதாரிகளை எழுப்பிவிட்டும் சுடாமல் விட்டதையும், முயலை அதன் போக்கில் ஓடவிட்டதையும் அங்கே சொல்கின்றார். தம்மை வயலுக்கும் காட்டுக்கும் இழுத்தது கொலைவெறியன்று, அவ்விடங்களின் மீது கொண்ட தீராத வேட்கையே என்கின்றார். துப்பாக்கி தாழ்வதற்கு அங்கே காரணம் கண்ணின் இன்பம். அது மெய்யான அனுபவமே. எனினும் சுடாமல் விட்டதனால் அவருக்கு இழப்பொன்றும் இல்லை என்பதை நாம் குறித்துக்கொள்ளவேண்டும்.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். கதிர் கொய்தபின் தினை வீட்டு முற்றத்துக்கு வந்து காய்கின்றது. புனத்தில் மேய்ந்த பறவையும் அதனைத் தொடர்ந்து முற்றத்துக்கே வந்துவிடுகின்றது. புறநானூற்றின் 319, 320-ஆம் பாடல்கள் இரண்டும் இத்தகைய முற்றத்தில் நிகழ்வன. உ. வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த அந்நூலுக்குக் கிடைத்த பழைய உரை 266-ஆம் பாடலோடு நின்றுவிடுகின்றது. எனவே இவ்விரு பாடல்களுக்கும் பழைய உரையின் துணை இல்லை. சொற்களை நாமே நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டும்.

ஆலங்குடி வங்கனார் பாடிய 319-ஆம் பாடலில், ஒரு சிற்றூருக்குப் பாணன் வருகின்றான். வீட்டில் எஞ்சியிருப்பது சாடியின் அடியில் கிடக்கும் கலங்கிய சிறிதளவு நீரே. முற்றத்தில் உலர்ந்த தினை இருக்கின்றது. புறாவும் இதல் என்னும் சிறு பறவையும் வந்து தின்னட்டும் என்று அதனைத் தூவலாம். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. ஆகையால் சுட்ட முயலிறைச்சியாவது தருகின்றோம், உள்ளே வந்து இரு என்று பாணனை அழைக்கின்றனர்.

தினை தூவும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, பறவைக்கும் உணவிட்ட பண்பாடு எங்கள் பண்பாடு என்று முழங்குவது எளிது. கேட்போர் கைதட்டவும் கூடும். ஆனால் பாட்டு அவ்வாறு சொல்லவில்லை. பொழுது சாய்ந்தமையால் முயல் தருகின்றோம் என்று காரணமும் விளைவுமாக இரண்டையும் பாட்டு இணைக்கின்றது. பொழுது சாயாதிருந்தால் பாணனுக்குக் கிடைத்திருப்பது எது? புறாவிறைச்சிதான். தூவ நினைத்த தினை பறவையைப் பிடிப்பதற்கான இரை. பிடித்தல் என்ற சொல்லே வாராமல், முயலைச் சொல்லும் இடத்தில் அப்பொருளை விளங்கவைத்தது புலவரின் திறம். வறுமையிலும் விருந்தினனை வெறுங்கையோடு அனுப்பக் கூசும் ஒரு குடியின் மானமே இங்குப் பாடுபொருள். அம்மானத்துக்குப் பறவையின் உயிர் விலையாகும் என்பதை அவர் மூடி மறைக்கவில்லை.

வீரை வெளியனார் பாடிய அடுத்த பாட்டு இதற்கு மறுபுறமாக நிற்கின்றது. முன்னையும் முசுண்டையும் படர்ந்து பந்தலாகிய நிழலில் வேட்டுவன் அயர்ந்து உறங்குகின்றான். மானைப் பிடிப்பதற்காக அவன் பழக்கிய பார்வைப் பிணையோடு எங்கிருந்தோ வந்த கலைமான் ஒன்று கூடி மகிழ்கின்றது. வேட்டுவன் மனைவி அதனைக் காண்கின்றாள். ஓசை கேட்டால் கணவன் எழுந்துவிடுவான். கலை பிணையை விட்டு ஓடிவிடும். ஆகவே அவள் அசையாமல் இருந்துவிடுகின்றாள். அவ்வேளையில் மான்தோலில் உலர்த்தியிருந்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்று தீர்க்கின்றன. அவள் ஓட்டவில்லை.

இங்கேதான் ஜெஃபரீசுக்கும் இவளுக்கும் உள்ள வேறுபாடு புலப்படுகின்றது. அவர் கைவிட்டது ஒரு வேட்டைப் பொருளை மட்டுமே. இவள் இழந்ததோ வீட்டின் உணவு. பொறியாக வைத்த பிணை அன்புக்கு இடமாகின்றது. அவ்வன்பைக் குலைக்க மனமின்றி ஒரு வேளைத் தினையை அவள் விட்டுக்கொடுக்கின்றாள். இதனை அருள் என்று யாரும் அவளுக்குக் கற்பித்ததாகப் பாட்டில் இல்லை. அதே பாட்டு, நெருப்பில் சுட்ட இறைச்சியைச் சுற்றத்தோடு இருந்து தின்று தங்கிச் செல்லுமாறு பாணனை அழைக்கின்றது என்பதையும் மறந்துவிடலாகாது. ஊன் உண்ணும் வீட்டில், வேட்டுவன் மனைவியின் நெஞ்சில் தோன்றிய இரக்கம் அது. அதனாலேயே அது நம்பத்தக்கதாக இருக்கின்றது.

இதே தொகைநூலில் வேறொரு புறாவும் உண்டு. பருந்துக்கு அஞ்சி வந்த புறாவுக்காகத் துலையில் ஏறிய மன்னனின் வழியினர் சோழர் என்று புலவர்கள் போற்றினர். 46-ஆம் பாட்டில் கோவூர் கிழார் இக்கதையைப் புகழ்ச்சிக்காக எடுக்கவில்லை. மலையமானின் மக்களை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் முற்பட்டபோது, புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்று நினைவூட்டி அச்சிறுவர்களுக்காக வாதாடுகின்றார். யானையைக் கண்டு அழுகை மறந்த குழந்தைகள் அவர்கள் என்றும் சொல்கின்றார். முன்னோரின் இரக்கம் அங்கே பெருமை பேசுவதற்குரிய பொருளன்று. உயிரோடு இருப்பவன் செலுத்தவேண்டிய கடன்.

பறவை வேட்டையைப் பற்றி வள்ளுவர் சொன்னதும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. தவக்கோலத்தில் மறைந்து தீயவை செய்வோனுக்கு உவமையாக, புதரில் மறைந்து புள்ளைப் பிடிக்கும் வேட்டுவனை அவர் கூடாவொழுக்கத்தில் காட்டுகின்றார். ஆங்கில வயலோரத்து மறைவிடமும் அக்குறளின் புதரும் ஒன்றே. வெளித்தோற்றம் ஒன்றாகவும் உட்கருத்து வேறாகவும் இருப்பதையே அவ்வுவமை இடித்துரைக்கின்றது. இலக்கியம் படிப்போர்க்கும் அந்த இடித்துரை பொருந்தும். பறவைக்கு வைத்த இரையை இரக்கம் என்று சொல்லி நம் பழம்பெருமையை அழகுபடுத்தினால், நாமும் புதருக்குப் பின்னே ஒளிந்தவராவோம்.

தாயகத்துக்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் பெருமையாகவே அறிமுகமாகின்றது. விழாப் பேச்சும் பேச்சுப் போட்டியும் அதனை வளர்க்கின்றன. ஒரு நாள் அப்பிள்ளை மூலப் பாட்டைத் தானே படிக்கும்போது, நாம் சொன்னதும் பாட்டில் உள்ளதும் வேறாக இருந்தால், நம்மை மட்டுமன்றிப் பாட்டையும் ஐயுறும். அந்த இழப்பை ஈடுசெய்வது அரிது. மாறாக, நம் முன்னோர் புறாவைப் பிடித்து உண்டனர், விருந்தினருக்கும் இட்டனர், அவர்களுள் ஒருத்தி மானின் அன்பைக் கண்டு தினையை இழந்தும் அசையாதிருந்தாள் என்று உள்ளபடியே சொன்னால், அப்பிள்ளைக்கு அவர்கள் சிலைகளாக அல்லாமல் மனிதர்களாகத் தோன்றுவர்.

மேல்தளத்திலும் சன்னலோரத்திலும் தானியம் வைத்துப் புறாக்களை வரவழைக்கும் நகரங்களில் நாம் வாழ்கின்றோம். அத்தானியத்துக்குப் பின்னே வலை இல்லை என்பதால் அதில் நாம் இழப்பதும் அதிகமில்லை. சங்கத்து வகுப்புகளில் 319, 320-ஆம் பாடல்களைத் தனித்தனியே அல்லாமல் ஒரே அமர்வில், ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். முதற் பாட்டில் தினை ஏன் தூவப்படவில்லை என்றும், அடுத்த பாட்டில் பறவைகள் ஏன் ஓட்டப்படவில்லை என்றும் பிள்ளைகளிடமே கேட்போம். அவர்கள் சொல்லும் விடையைத் திருத்த விரையாமல் முழுதும் கேட்போம்.