கடிகாரமும் வித்தும்: சிவஞானபோத முதற் சூத்திரம்

சைவ சமய வகுப்புகளில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தைத் தொடங்கும் ஆசிரியர் பலர், முதற் சூத்திரத்திற்கு விளக்கமாகக் கடிகாரம் ஒன்றைக் காட்டுவர். கடிகாரம் இருக்கிறது, பல்லும் சக்கரமும் ஒன்றோடொன்று இசைந்து சுழல்கின்றன, ஆகவே அதனைச் செய்தவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும், உலகமும் அத்தகையதே என்பர். கேட்பதற்கு எளிது, மாணவர் மனத்தில் உடனே பதியும். ஆனால் இக்கடிகாரம் திருவெண்ணெய்நல்லூரில் செய்யப்பட்டதன்று. 1802ஆம் ஆண்டில் வில்லியம் பேலி என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் நூலின் தொடக்கத்தில் வைத்த எடுத்துக்காட்டு அது. அயல்நாட்டது என்பதனால் அதனைக் குற்றம் சொல்ல வரவில்லை. நல்ல பொருள் எங்கிருந்து வரினும் கொள்ளலாம். நூலாசிரியர் கருத்துக்கு நேர் மாறானது என்பதே அதன் குற்றம்.

இதனால் விளையும் தீங்கும் சிறிதன்று. அம்மாணவன் பின்னாளில் உயிரியல் பயிலும்போது, டார்வின் 1859இல் வெளியிட்ட கொள்கையை அறிகிறான். கண்ணும் இறகும் யாரோ வரைந்த படத்தின்படி அமைந்தன அல்ல, சிறு சிறு வேறுபாடுகள் நெடுங்காலம் வடிக்கப்பட்டு அமைந்தன என்று கற்கிறான். பேலியின் கடிகாரம் அங்கே நின்றுவிடுகிறது. அதனோடு மெய்கண்டாரையும் சேர்த்து மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுகிறான். அவர் சொல்லாத வாதத்திற்காக அவர் தண்டனை பெறுகிறார்!

அவர் சொன்னது யாது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த அந்நூலின் முதற் சூத்திரம் உலகின் அழகையோ ஒழுங்கையோ சான்றாகக் கொள்ளவில்லை. அவன், அவள், அது என்று சுட்டி அறியப்படும் எப்பொருளும் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. அங்ஙனம் ஒடுங்கியது தானே மீண்டு எழாது. எதன்கண் ஒடுங்கிற்றோ அதனினின்றே எழும். ஆகவே எல்லாம் ஒடுங்கிய பின்னும் ஒடுங்காது நிற்பது எதுவோ அதுவே முதல். இவை மூன்றும் அச்சூத்திரத்தின் மூன்று அதிகரணங்கள். ஒழுங்கு என்னும் சொல்லுக்கு இங்கு வேலையே இல்லை. கண் எவ்வாறு அமைந்தது என்பதை டார்வின் விளக்கினும் விளக்காவிடினும், கண் தோன்றிற்று, அழியும் என்பது மாறாது. முதற் சூத்திரத்திற்கு வேண்டியது அவ்வளவே.

மெய்கண்டார் தாமே எடுத்த உவமை, கடிகாரத்தைவிட நமக்கு மிக அண்மையில் உள்ளது. நிலத்தில் கிடக்கும் வித்து, மண் குளிர்ந்தபோது முளைப்பதை அவர் காட்டுகிறார். கோத்தா திங்கி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெயிற்காலத்தில் ரப்பர்க் காய் ஓசையோடு வெடித்து விதை சிதறும். காய்ந்த தரையில் அது வெறும் கொட்டை. ஈரம் பட்டால் முளை. முளை எங்கிருந்து வந்தது? விதையிலிருந்தே வந்தது, இல்லாத ஒன்று புதிதாக வரவில்லை. மண் முளையைச் செய்ததா? செய்யவில்லை. மண்ணின்றி முளைத்திருக்குமா? முளைத்திராது. மண் தானும் முளையாக மாறவில்லை. இந்நான்கு விடைகளுக்குள் சித்தாந்தத்தின் காரணக் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்று குயவனையும் மண்ணையும் திரிகையையும் வைத்து விளக்குவதும் வழக்கே. எனினும் குயவன் உவமையினும் வித்து உவமையே ஆழமானது. குடத்தை வனைந்த பின் குயவன் ஊருக்குப் போகலாம். கடிகாரம் செய்தவன் இறந்தே போகலாம், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பேலியின் வாதத்தால் ஒருகாலத்தில் ஒருவன் இருந்தான் என்பதற்குமேல் எதனையும் நிறுவ இயலாது. மண்ணோ முளையை விட்டு ஒரு நாளும் அகல இயலாது.

இனி வாதத்தின் வலிமையை நோக்குவோம். இங்குப் புகழ்ச்சி மட்டும் போதாது.

உலகின் பகுதிகள் தோன்றி அழிவதைக் காண்கிறோம். உலகம் முழுவதும் தோன்றி அழிவதை யார் கண்டார் என்று பழைய மீமாஞ்சகர் வினவினர். 1948இல் வானொலியில் கோப்பில்ஸ்டன் பாதிரியாரோடு வாதிட்ட பெர்ட்ரண்டு ரசல் கேட்டதும் ஏறக்குறைய இதுவே. ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு; அதனால் மனித இனத்திற்கே ஒரு தாய் உண்டு என்று ஆகுமோ என்றார் அவர். பகுதியில் கண்டதை முழுவதற்கும் கொள்க என்பது சித்தாந்திகளின் விடை. இவ்விடை எனக்கு நிறைவு தரவில்லை. சில இயல்புகள் பகுதியிலிருந்து முழுமைக்குச் செல்லும்; சில செல்லா. செங்கல் ஒவ்வொன்றும் சிவப்பாயின் சுவரும் சிவப்பே. ஒவ்வொரு செங்கல்லும் கைக்குள் அடங்குமாயினும் சுவர் அடங்காது. அழிவு எவ்வகையைச் சார்ந்தது? தோட்டத்தில் முதிர்ந்த மரத்தை வெட்டி மறுநடவு செய்வர். மரங்கள் அழிந்தாலும் தோட்டம் நிற்கும். ஆம், தோட்டமே துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலமாகப் போனதையும் நாம் கண்டோம். ஆயினும் அதனைக் கண்டறிந்தோமே யன்றி, மரம் அழிந்ததைக் கொண்டு அனுமித்து அறியவில்லை. சிவஞான முனிவர் சுட்டியறியப்படுதல் என்னும் ஏதுவை வற்புறுத்தியதன் சிறப்பு இங்கே புலனாகும். சுட்டப்படுவது எல்லைக்குட்பட்டது, எல்லைக்குட்பட்டது தோற்றமுடையது என்று அவர் வாதத்தை எண்ணிக்கையினின்று இயல்புக்கு மாற்றுகிறார். ரசலின் வினாவுக்கு இது முழு விடை ஆகாவிடினும், அதனைத் தாங்கி நிற்கும்.

மற்றொரு தளர்ச்சியும் உண்டு. ஒடுங்கிய உலகம் மீண்டும் ஏன் எழவேண்டும் என்றால், உயிர்களின் மலம் நீங்கவேண்டி எழுகிறது என்பது நூலின் விடை. மலம் உண்டு என்பதை ஒப்பாத உலகாயதனிடம் இது செல்லாது. வீட்டுக்குள் இருப்பவனுக்கே அவ்வாயில் திறக்கும்.

உண்மை, அதாவது உளதாந் தன்மை, என்னும் பொருளுக்கு வருவோம். ஜோகூரில் நம் அண்டை வீட்டு மலாய்ப் பிள்ளைகள் சமயப் பள்ளியில் இறைவனின் இருபது பண்புகளை மனப்பாடம் செய்கின்றனர். அவற்றுள் முதலாவது ‘வுஜூது’. உளதாதல் என்பதே அதன் பொருள். பதினைந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த சனூசி என்னும் அறிஞர் தொகுத்த முறை அது. உலகம் புதிதாகத் தோன்றியது; புதிதாகத் தோன்றியதற்குத் தோற்றுவித்தவன் வேண்டும் என்பது அங்குச் சொல்லப்படும் சான்று. மேலோட்டமாகப் பார்த்தால் முதற் சூத்திரமும் இதுவும் ஒன்றே எனத் தோன்றும். ஆனால் அங்கு உலகம் இன்மையினின்று வருகிறது. இங்கு உள்ளதே வெளிப்படுகிறது. இல்லது வாராது, உள்ளது போகாது என்பது சித்தாந்தத்தின் அடித்தளம். பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமில்லாதன. ஆகவே 1714இல் லைப்னிட்சு எழுப்பிய புகழ்பெற்ற வினா, ஒன்றுமில்லாதிருத்தலை விட்டு ஏதேனும் ஒன்று ஏன் இருக்கிறது என்பது, மெய்கண்டார்முன் எழவே எழாது. அவர் இறைவனைத் தேடியது பொருள்கள் இருப்பதற்கு அன்று, அவை தொழிற்படுவதற்கு. ஆங்கிலத்தில் எழுதிய சைவ அறிஞர் சிலர் முதற் சூத்திரத்தைத் தாமசு அக்குவினாசின் சான்றுகளோடு அப்படியே ஒப்பவைத்தபோது மறந்தது இதனைத்தான்.

தமிழாசிரியர்க்கு இங்கு இலக்கணமும் கைகொடுக்கும். 1781இல் கான்ட் ஒரு கருத்தை நாட்டினார். உளதாதல் என்பது பொருளின் பண்புகளுள் ஒன்றன்று. மனத்தில் எண்ணிய நூறு வெள்ளிக்கும் கையிலுள்ள நூறு வெள்ளிக்கும் எண்ணிக்கையில் வேறுபாடில்லை. ஆதலின் கடவுள் என்னும் கருத்தை அலசி அவர் உண்டு என்பதைப் பெற முடியாது என்றார். நன்னூலைத் திறந்தால் பெரியன், பெரியள், பெரிது எனக் குறிப்பு வினை பாலுக்கேற்ப மாறுவதைக் காண்கிறோம். உண்டு என்னும் சொல்லோ ஐம்பாலுக்கும் மூவிடத்திற்கும் பொதுவாய் மாறாது நிற்கிறது. எழுவாய்க்கேற்ப மாறாத சொல் எழுவாயின் தன்மையை எங்ஙனம் உணர்த்தும்? அவன் உண்டு, அவள் உண்டு, அது உண்டு, அவ்வளவே. கான்ட் நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகளில், 1785இல், மறைந்த சிவஞான முனிவர் நன்னூல் விருத்தியுரையைத் திருத்தியமைத்தவர் என்பதை நினைவிற் கொள்க. அவரே சிவஞானபோதத்தின் முதல் மூன்று சூத்திரங்களைப் பிரமாணவியல் என்றும் அடுத்த மூன்றை இலக்கணவியல் என்றும் பிரித்துக் காட்டியவர். ‘உண்டு’ என்பது ஒரு பிரிவு. ‘இத்தன்மையது’ என்பது மற்றொரு பிரிவு. இலக்கணம் கற்ற கை இங்கும் தெரிகிறது என்றே கருதுகிறேன்.

இப்பிரிவை உணராதார்க்கு ஆறாம் சூத்திரம் பெரும் இடர் தரும். சுட்டி அறியப்படுவது அனைத்தும் அழிவுடையது, எவ்வாற்றானும் அறியப்படாதது வெறும் இன்மை, இறைவன் இவ்விரண்டும் அல்லன் என்கிறது அது. அங்ஙனமாயின் அனுமானத்தால் அறியப்பட்ட இறைவனும் அழிவுடையவன் ஆகானோ? முதற் சூத்திரம் கட்டியதை ஆறாவது இடித்துவிட்டதோ? புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று துணிந்தவன், நெருப்பைத் தீண்டியவன் அல்லன். முதற் சூத்திரம் தருவது புகைவழித் துணிவு. உலகத் தொழிலோடு சார்த்தி அறியப்படும் தடத்த இலக்கணம் மட்டுமே அங்குக் கிட்டும். தன்னியல்பாகிய சொரூப இலக்கணம் அனுமானத்திற்குள் அகப்படாது என்பதை ஆறாம் சூத்திரம் அறிவிக்கிறது. ஒரு நூல் தன் முதற் சான்றின் எல்லையைத் தானே வரைந்து காட்டுவது அரிது. பேலி அதனைச் செய்யவில்லை. தேர்வுக்கு முதற் சூத்திரத்தை மட்டும் பாடமாக வைத்து நிறுத்திவிடும் நம் வகுப்புகளும் அதனை மாணவர் கண்ணிற் காட்டுவதில்லை.