பெயர் எந்த மூலையில் இருக்கிறது?

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து அரசுப் பள்ளி மாணவர்கள் 2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் பெற்ற விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசோடு 'பாஸ்' லினக்சும் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற லினக்சை வைத்துக் கட்டியது என்பதை சி-டாக் வெளிப்படையாகவே சொன்னது. அதனால் பாஸின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

2023 ஜனவரியில் சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று 'பார்ஓஎஸ்' என்ற கைப்பேசி இயங்குதளத்தைக் கொண்டுவந்தபோது கதை வேறு. மத்திய அமைச்சர்கள் சோதித்துப் பார்த்தார்கள்; 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்ற பேச்சே முன்னால் நின்றது. அடித்தளம் ஆண்ட்ராய்டின் திறந்த மூலத் திட்டம்தானே என்று நிரலாளர்கள் கேட்டதும் சர்ச்சை கிளம்பியது.

அடுத்தவர் நிரலைத் திருத்திப் புதுப்பெயர் சூட்டுவது குற்றமே அல்ல. அந்த உரிமைக்காகத்தானே திறந்த மூலம்! ஆண்ட்ராய்டின் பெரும்பகுதிக்கு உள்ள அப்பாச்சி 2.0 உரிமம் கேட்பது கொஞ்சம்தான்: பழைய பதிப்புரிமைக் குறிப்பை அழிக்கக்கூடாது, மாற்றிய கோப்பில் மாற்றியதாக எழுதவேண்டும். மேடையில் மூலத்தைச் சொல்லச் சொல்லி அது கட்டாயப்படுத்துவதில்லை. எந்த ஆண்ட்ராய்டு போனிலும் அமைப்புகளுக்குள் புகுந்து சட்டத் தகவலைத் திறந்தால், உரிமக் குறிப்புகள் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். தடயம் அழியாமல் காப்பது இந்த முறையின் பெரிய பலம். யாரும் எட்டிப்பார்க்காத மூலையில் வைத்தாலே சட்டக் கடமை தீர்ந்துவிடுகிறதே, அதுதான் ஓட்டை.

சிதம்பரத்தில் ஓதுவார் சம்பந்தர் பதிகத்தை முழுதாகப் பாடினால், கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பில் சம்பந்தர் பெயரும் சேர்ந்தே ஒலிக்கும். நிரலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் பாடு இன்னும் மோசம். மென்பொருளைத் தமிழாக்கும் பிஓ கோப்பின் தலைப்பில் 'கடைசி மொழிபெயர்ப்பாளர்' என்று ஒரே ஒரு இடம். ஆயிரம் வரிகளைத் தமிழாக்கியவர் பெயர் இருந்த இடத்தில், நாலு வரி திருத்தியவர் பெயர் ஏறிவிடும். முன்னவர்களை மேலே குறிப்பாக எழுதிவைப்பது வழக்கம்தான், எழுதாவிட்டால் கேட்பாரில்லை. லினக்சில் ஓடும் க்னோம் செயலிகளின் 'பற்றி' சாளரத்தில் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே ஒரு வரி உண்டு. ஊதியமின்றி உழைப்பவர்களுக்கு எல்லா மென்பொருளும் அதையாவது செய்யவேண்டும்.

மூலத்தைச் சொல்வதால் பயனருக்கும் நன்மை இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அகப்படும் பாதுகாப்புக் குறைகளை கூகுள் தொடர்ந்து அறிவித்துவருகிறது. தன் கையிலுள்ள போனும் அதே நிரலில்தான் ஓடுகிறது என்று தெரிந்தவர்தான், அந்தக் குறைகளுக்கான திருத்தம் தனக்கு வந்துசேர்ந்ததா என்று கேட்கமுடியும்.